மூளை மழுங்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாபகசக்தி பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேர், எந்த மாத்திரை வாங்கலாம் என்று கேட்பார்கள். மீதிப் பேர், எந்த ஆப்பை இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டுக்கும் இங்கே பதில் உண்டு, ஆனால் கடைசிப் பகுதியில்தான். முன்னால் வருபவை கவனம், தூக்கம், இரத்தக் குழாய். மாத்திரையையும் ஆப்பையும்விட இவற்றுக்குத்தான் ஆராய்ச்சிகளில் ஆதாரம் அதிகம்.

சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். மூளை மழுங்கத் தொடங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சாவியை வைத்த அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், ஒரு கையில் பை, மனம் முழுக்க எதிர்முனையில் இருப்பவர் சொல்லும் விஷயத்தில். கை தன்பாட்டுக்குச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டது. மனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதியாத ஒன்றை யாராலும் மறக்க முடியாது. அதை மறதிக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இதற்கு ஞாபகப் பயிற்சி எதுவும் தேவையில்லை. சாவிக்கு, கண்ணாடிக்கு, பணப்பைக்கு ஆளுக்கொரு இடம் ஒதுக்கிவிடுங்கள். அந்த இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். இன்னொன்று, வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சாவி மேசை மேல்." "அடுப்பை அணைத்துவிட்டேன்." பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். மனதுக்குள் படித்ததைவிட உரக்கச் சொன்னது நன்றாக நினைவில் நிற்கிறது என்று சோதனைகளில் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டிய சாவி வேறு. கையில் இருக்கும் சாவி எதற்கென்றே தெரியாமல் விழிப்பது, அல்லது அரிசிப் பானைக்குள் கண்டெடுத்த பிறகும் அங்கே எப்படிப் போனது என்று யோசித்துச் சொல்ல முடியாமல் போவது. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில்.

அடுத்த அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் நடப்பதுதான். கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. ஒரே தூரம் நடந்தாலும், நடுவே ஒரு வாசலைக் கடந்தவர்கள் கையில் கொண்டுபோகும் பொருளைப் பற்றி அதிகமாக மறந்தார்கள். இடம் மாறியதும் மூளை பழைய காட்சியை ஓரம்கட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். கிளம்பும்போதே "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று முணுமுணுத்தபடி போங்கள். வேலை முடிந்தது.

முகம் தெரிகிறது, தொழில் தெரிகிறது, பெயர் மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. ஏன்?

பெயருக்குப் பிடிமானம் கிடையாது என்பதுதான் காரணம். ஒருவர் தச்சர் என்று கேட்டதும் மரம், உளி, மரத்தூள் வாசனை எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவர் பெயர் முருகன் என்று கேட்டால் ஒட்டிக்கொள்ள எதுவும் வராது. வேறு எந்தப் பெயராக இருந்தாலும் அவர் அதே ஆள்தான். அதனால் அறிமுகமான அந்த நிமிடத்திலேயே ஒரு பிடிமானத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். அதே பெயருள்ள பழைய நண்பரை நினைத்துக்கொள்ளலாம், பேச்சினிடையே இரண்டு முறை பெயர் சொல்லி அழைக்கலாம். விடைபெறும்போது ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

வயது ஏற ஏற இந்தத் தொண்டைச் சிக்கல் கூடும். அது மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குளிக்கும்போதோ நடக்கும்போதோ பெயர் தானாக வந்து நிற்கிறது என்றால் சேமிப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம்.

வயதானால் எல்லாமே குறையுமா?

எல்லாமே இல்லை. ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் பல்லாயிரம் பேரை இணையம் வழியே சோதித்து 2015ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எண்களையும் குறிகளையும் கடகடவென்று ஒப்பிடும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மற்றவர் மனநிலையைக் கண்களைப் பார்த்தே சொல்வது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும்தான் கைகூடுகிறது. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகிறது. ஆக, வேகத்தை மட்டும் அளந்துவிட்டு "எனக்கு மூளை போச்சு" என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

இங்கே ஒரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். டேவிட் ஸ்னோடன் 1986ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் கலந்துகொண்டார்கள். ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்த பிறகு மூளையையும் தானம் செய்ய ஒப்புக்கொண்டார்கள். சிலருடைய மூளையைப் பார்த்தால் அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவர்கள் கடைசிவரை தெளிவாகப் பேசி, தெளிவாக வேலை செய்தவர்கள்! சேதம் இருந்தும் சமாளிக்கும் இந்தத் திறனை அறிவுக் கையிருப்பு என்கிறார்கள். படிப்பு, மூளைக்கு வேலை வைக்கும் தொழில், மனிதர்களோடு பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்தக் கையிருப்பைக் கூட்டுகின்றன. அது ஒரு வாரத்தில் சேர்வதில்லை, ஓய்வு பெற்றதும் தீர்ந்துபோவதும் இல்லை.

நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

கட்டுக்கதை. மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் அது எடுத்துக்கொள்வது 20 சதவீதம். சும்மா கிடக்கும் ஒன்றுக்கு உடல் இவ்வளவு தீனி போடாது. இந்தக் கதையைச் சொல்லி யாராவது ஒரு வகுப்பையோ மருந்தையோ விற்க வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறு மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது. அது போதாதா?

பழகிவிட்டது என்று தோன்றுவதுதான் சிக்கல். ஹான்ஸ் வான் டாங்கனும் உடன் பணியாற்றியவர்களும் 2003ல் வெளியிட்ட சோதனையில், ஆரோக்கியமானவர்களை 14 நாள் ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். சிலருக்கு இரவில் 8 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 4. பகலில் திரும்பத் திரும்பக் கவனச் சோதனைகள். 6 மணி அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கியவர்களின் தடுமாற்றம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. இரண்டு வாரம் முடிந்தபோது அது ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டால் அவர்கள் சொன்ன அளவு முதல் சில நாட்களுக்குப் பிறகு அவ்வளவாக ஏறவில்லை. மூளை சறுக்கிக்கொண்டிருந்தது, அது அவர்களுக்குத் தெரியவில்லை.

தூக்கம் ஓய்வு மட்டும் இல்லை. பகலில் கற்றதை மூளை அடுக்கி வைப்பது பெரும்பாலும் அப்போதுதான். பிரிட்டனின் வொய்ட்ஹால் 2 ஆய்வு ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து குறைவாகத் தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய், வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2021ல் வெளியான முடிவு சொல்கிறது. குறைந்த தூக்கம்தான் நோய்க்குக் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண் இல்லை.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். செய்யக்கூடியவற்றில் பலன் அதிகம் தருவது எழும் நேரத்தை நிலையாக வைப்பது. விடுமுறை நாளானாலும் அதே நேரத்தில் எழுங்கள், எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். படுக்கும் நேரம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். அப்புறம், சத்தமாகக் குறட்டை விடுபவர், நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுபவர், 8 மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் தூங்கி வழிபவர் டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. "ஞாபகமே இல்லை" என்று வருபவர்களில் சிலருடைய உண்மையான பிரச்சினை இதுதான்.

பகலில் தூங்கலாமா?

20 நிமிடம், பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் என்றால் தாராளமாக. ஒரு மணி நேரம் தூங்கினால் எழுந்ததும் தலை பாரமாக இருக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

மூளைக்கு நல்லது என்று தனியாக ஏதாவது உடற்பயிற்சி இருக்கிறதா?

தனியாக எதுவும் இல்லை. மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடந்தாலே போதும். ஞாபகங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதுமையில் மெல்லச் சுருங்கும். கிர்க் எரிக்சன் குழுவின் 2011 ஆய்வில், வயதில் மூத்த 120 பேரில் ஒரு பாதிப் பேர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். மறு பாதிப் பேர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சற்றுச் சுருங்கியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடையால் பி.பி., சர்க்கரை, தூக்கம், மனநிலை நான்கும் சீராகும் என்பதில் தகராறு இல்லை. அந்த நான்கும் மூளையைத் தொடுபவைதாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் மிதமானது. 150 நிமிடமா என்று மலைப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடத்தில் தொடங்கலாம். முழங்கால் வலியா? சைக்கிள், நீச்சல், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி எதுவானாலும் சரி. எதில் தொடர்ந்து நிற்பீர்களோ அதுதான் உங்களுக்கான பயிற்சி.

பி.பி.க்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

மூளை முழுக்க முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்தில் இரத்தம் பாய்ந்தால் அந்தச் சிறிய குழாய்கள் தடித்து, அடைபட்டு, ஆங்காங்கே சின்னச் சின்ன இடங்கள் செத்துப்போகும். ஒவ்வொன்றும் தனியாக எந்த அறிகுறியும் காட்டாது. வலி இருக்காது. கணக்குப் பார்க்க முன்பைவிட நேரம் ஆகிறது, திட்டமிட முடியவில்லை, நடை தளர்கிறது என்று மெதுவாகத்தான் தெரியவரும். பக்கவாதமாகச் சட்டென்று வெளிப்படவும் செய்யலாம்.

அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களையும் 140க்குக் கீழே வைத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. முதல் குழுவில் லேசான அறிவுத்திறன் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவாக வந்தது என்று 2019ல் வெளியிட்டார்கள். டிமென்ஷியாவும் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. 120 எல்லோருக்கும் ஏற்ற இலக்கு இல்லை. எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவருக்கு அது ஆபத்து. உங்கள் இலக்கை டாக்டர் சொல்லட்டும். நாற்பது வயதைத் தாண்டியும் ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் இருப்பதைத்தான் மன்னிக்க முடியாது.

லான்செட் இதழ் அமைத்த ஆய்வுக் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024ல் பட்டியலிட்டது. அவை அத்தனையும் நீங்கினால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, உடல் பருமன், உடலுழைப்பு இல்லாமை எல்லாம் அதில் உண்டு. இதயத்துக்கு டாக்டர் சொல்லும் அதே பட்டியல்தான். கூடவே தலையில் அடிபடுவதும் காற்று மாசும் இருக்கின்றன. ஹெல்மெட் அணிவதும் மூளைப் பயிற்சிதான் என்பேன்.

காது மந்தமானால் மூளைக்கு என்ன?

அதே லான்செட் பட்டியலில் காதுக்கும் கண்ணுக்கும் இடம் உண்டு. காது சரியாகக் கேட்காதவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதி கேட்டுப் பாதி ஊகித்துப் புரிந்துகொள்கிறார். சொல்லைப் பிடிப்பதிலேயே மூளை களைத்துவிட, பொருளை நினைவில் வைக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. பிறகு கூட்டத்தில் பேசுவதைக் குறைக்கிறார், அழைப்புகளுக்குப் போவதை நிறுத்துகிறார். வீட்டில் "சொன்னதையே மறந்துவிடுகிறார்" என்று குறைப்படுகிறார்கள். அவருக்கு அது கேட்கவே இல்லை.

காதுக் கருவி பலன் தருமா? 70 முதல் 84 வயதுக்குள் உள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டு நடந்த அச்சீவ் ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதய நோய்க்கான காரணங்களும் வேறு ஆபத்துகளும் கூடுதலாக இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

எவ்வளவு படித்தாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

படித்ததையே மறுபடி படிப்பதை நிறுத்துங்கள். மூன்றாம் முறை படிக்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும், தெரிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் 2006ல் செய்த சோதனையைப் பாருங்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்! எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்குச் சுமார் 40. இதில் வேடிக்கை, ஒரு வாரத்துக்குப் பிறகும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் தோற்ற குழுவினர்தான்.

இதை அப்படியே கையாளலாம். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் ஞாபகம் வருவதையெல்லாம் கிறுக்குங்கள். திணறல் வரும், எரிச்சலும் வரும். உடனே புத்தகத்தைத் திறந்துவிடாமல் ஒரு நிமிடம் திணறுங்கள், பலன் தருவது அந்தத் திணறல்தான். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் எழுதுங்கள். நாளை ஒருமுறை, நான்கைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இதே மாதிரி எழுதிப் பாருங்கள். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்பது ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே சொன்னது. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்த மனிதர் அவர். தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியையும் தூக்கத்தைப் பற்றிய கேள்வியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களும் கூட்டம் முடிந்ததும் இரண்டு நிமிடம் இதைச் செய்யலாம். குறிப்பேட்டைப் பார்க்காமல் யார் என்ன சொன்னார்கள், நான் எதை ஒப்புக்கொண்டேன் என்று எழுதிவிட்டு, பிறகு சரிபார்த்தால் போதும்.

ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்வேன். அது மூளைக்கு நல்ல பயிற்சிதானே?

நடந்துகொண்டே பேசலாம், அது வேறு. யோசனை தேவைப்படும் இரண்டு வேலைகளை மூளை ஒன்றாகச் செய்வதில்லை, மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் துல்லியமும் போகின்றன. முந்தின வேலையின் நினைப்பு அடுத்ததிலும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதை சோஃபி லெராய் 2009ல் காட்டினார். வேலையை முடிக்காமல் பாதியில் விட்டு வந்தால் அந்த ஒட்டல் இன்னும் அதிகம். எனவே எழுந்து போகும்முன் "அடுத்து மூன்றாம் பத்தியைத் திருத்த வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து உட்காரும்போது அந்த வரியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

போனைப் பற்றி நீளமாகப் புலம்ப விருப்பமில்லை. அறிவிப்புகளில் மனிதர்கள் அனுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள். கவனம் தேவைப்படும் வேலையின்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் கை அதைத் தேடிப் போகத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் போனில் குறித்துவைத்தால் ஞாபகசக்தி குறையுமா?

மருந்து வேளை, சந்திப்பு நேரம், கட்ட வேண்டிய தொகை எல்லாவற்றையும் தயங்காமல் குறித்துவையுங்கள். அவற்றைத் தலையில் சுமப்பதால் யாரும் அறிவாளி ஆவதில்லை. ஆனால் படம் எடுப்பதில் ஒரு விஷயம் உண்டு. லிண்டா ஹென்கெல் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று கண் விட்டுவிடுகிறது போலும். அதே பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை எடுக்கலாம் என்று அவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது அல்லவா!

குறுக்கெழுத்து, சுடோகு, மூளைப் பயிற்சி ஆப் எல்லாம் பலன் தருமா?

சுடோகு போட்டால் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆவீர்கள். பிடித்திருந்தால் போடுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைச் சேர்த்த அமெரிக்காவின் ஆக்டிவ் ஆய்வில், ஞாபகப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஞாபகச் சோதனையிலும், தர்க்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தர்க்கச் சோதனையிலும் முன்னேற்றம் இருந்தது. ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குத் தாவவில்லை. திரையில் சட்டென்று தோன்றி மறைவதைக் கண்டுபிடிக்கும் வேகப் பயிற்சி மட்டும் பின்னாளைய கணக்கெடுப்புகளில் கொஞ்சம் நம்பிக்கை தந்திருக்கிறது, அதிலும் வாதங்கள் முடியவில்லை. விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. லுமாசிட்டி ஆப்பை நடத்தும் நிறுவனம் தகுந்த ஆதாரம் இல்லாமல் வாக்குறுதி தந்ததாக எழுந்த வழக்கில், அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2016ல் 20 லட்சம் டாலர் செலுத்தி முடித்துக்கொண்டது.

அப்படியானால் வேறு எதைக் கற்கலாம்?

முதல் நாள் சொதப்பக்கூடிய எதையாவது. டெனிஸ் பார்க் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்கள் மூன்று மாதம், வாரம் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக் கலையோ துணிகளை இணைத்துத் தைக்கும் கலையோ புதிதாகக் கற்றார்கள். கூடிப் பேசிச் சிரித்துப் பொழுதுபோக்கிய குழுவைவிட இவர்களுடைய ஞாபகம் மேம்பட்டது. புதிய மொழி, இசைக்கருவி, நடனம், தச்சு எதுவானாலும் சரி. நன்றாகப் பழகியதும் கடினமானதற்கு நகருங்கள். கை பழகிவிட்ட வேலையை முப்பது ஆண்டு செய்வது வேறு கணக்கு.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்றித் தேர்வெழுத வேண்டும். எலினோர் மெக்வயர் 2011ல் உடன் ஆய்வாளரோடு வெளியிட்ட முடிவின்படி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் படம் பிடித்துப் பார்த்ததில் தேர்ச்சி பெற்றவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது, தேறாதவர்களுக்கு அப்படி இல்லை. வளர்ந்தவர்களின் மூளையும் மாறும். தெரிந்த ஊரிலாவது வழிகாட்டும் ஆப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

என்ன சாப்பிடலாம்?

இதயத்துக்கு நல்லது என்று எதைச் சொல்கிறார்களோ அதையே. காய்கறி, கீரை, பழம், பருப்பு, கொட்டைகள், முழுத்தானியம், சாப்பிடுபவர்களுக்கு மீன். உப்பு, சர்க்கரை, பொரித்தது, பொட்டலத் தீனி குறைவாக. மூளைக்கென்றே வகுத்த மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்று ஆண்டு சோதித்து 2023ல் வெளியிட்டார்கள். வழக்கமான உணவைக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆக, எந்தத் தனி உணவுக்கும் மந்திர சக்தி கிடையாது. அதே சமயம், பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்தபோது, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய அறிவுத்திறன் மேம்பட்டதாக 2015ல் வெளியிட்டார்கள்.

ஞாபகசக்தி மாத்திரை?

குறைபாடு இருந்தால் மட்டும் பலன். வைட்டமின் பி12 குறைந்தால் மறதி, கைகால் மதமதப்பு, சோர்வு வரும். அசைவமும் பாலும் அறவே தொடாதவர்கள், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் போடுபவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். குறைபாடு இல்லாதவர் விழுங்கினால் பணம்தான் குறையும். ஜிங்கோ இலைச் சாறு 3,069 முதியவர்களிடம் ஆறு ஆண்டளவு சோதிக்கப்பட்டது. அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008ல் அறிவித்தார்கள். இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

காபி, மது, புகை?

காபி காலையில் நல்லது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு குடித்த அதிக அளவு காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திருடியது என்று 2013ல் வந்த ஒரு சோதனை காட்டுகிறது. மது குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கெடும். மூளைக்கு நல்லது என்று சொல்லத்தக்க மது அளவு எதுவும் இல்லை. புகையை எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

மனம் சரியில்லாதபோது எதுவுமே மண்டையில் ஏறுவதில்லை. இது மறதி நோயா?

மனச்சோர்வு மறதி நோய் மாதிரியே வேஷம் போடும். கவனம் நிற்காது, பேச்சு மெதுவாகும், எது கேட்டாலும் "தெரியவில்லை" என்று பதில் வரும். சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். நெடுநாள் கவலையும் இதையேதான் செய்கிறது. பதறும் மனதில் வேறு எதற்கும் இடம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்ற அறிவுரையோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

தனிமையும் லான்செட் பட்டியலில் இருக்கிறது. ஒருவரோடு அரை மணி நேரம் பேசும்போது அவர் சொன்னதை நினைவில் வைத்து, முகத்தைப் படித்து, அடுத்துச் சொல்ல வேண்டியதைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். எந்த ஆப்பும் இவ்வளவு வேலை வாங்காது. செய்திக்குப் பதில் பொம்மை அனுப்பும் இடத்தில், வாரம் இரண்டு முறையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். நிமிடக் கணக்கு அது. சரியாகிவிட்டது போல் தெரிந்தாலும் போயாக வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் ஓரிரு நாளில் குழம்பி, நேரம் இடம் தெரியாமல் பேசினால் அதுவும் அவசரம். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்து குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, அண்மையில் தலையில் பட்ட அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பல காரணங்களைச் சரிசெய்ய முடியும். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது.

மெதுவாக வருபவற்றில் கவனிக்க வேண்டியவை: கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, பழகிய வழியில் தொலைந்துபோவது, வருடக்கணக்கில் செய்த சமையலையோ வரவுசெலவுக் கணக்கையோ செய்ய முடியாமல் திணறுவது, குணம் மாறுவது. தனக்கே மறதி அதிகமாகிவிட்டது என்று கவலைப்பட்டு வருபவரைவிட, "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரை வீட்டார் அழைத்துவரும்போதுதான் டாக்டர்கள் கூடுதலாகக் கூர்ந்து பார்ப்பார்கள்.

போகும்போது கூடவே வாழும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று உதாரணங்களோடு, எப்போதிலிருந்து என்று எழுதிக்கொண்டு போங்கள். எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய சளி, அலர்ஜி, தூக்க மாத்திரைகளும் அதில் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களின் ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை, ஆனால் பலர் அதை மருந்தென்றே சொல்ல மாட்டார்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, பி.பி., காது இவற்றையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் ஸ்கேனுக்கு முன்னால் அவை முடியட்டும்.